நிறுத்தி வைத்த காரின் பெட்டரி ஏன் இறங்குகிறது? மலைநாட்டு வாகனங்களுக்கான முழுமையான வழிகாட்டி

ராத்திரி நிறுத்தும்போது நன்றாக ஓடிய கார், காலையில் சாவியைத் திருப்பினால் "டக்" என்ற ஒரே சத்தத்தோடு அடங்கிவிடுகிறது. ஜம்ப் வயர் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது. இரண்டு நாள் விட்டுவைத்தால் மறுபடியும் அதே கதை. கராஜுக்குப் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "பெட்டரி முடிஞ்சிருச்சு தம்பி, புதுசு ஒண்ணு போட்டுருங்க."

சில நேரம் அது சரியான பதிலாக இருக்கும். ஆனால் எங்கேயோ கரண்ட் கசிகிற காரில் புதிய பெட்டரி போட்டால், அது அந்தக் கசிவைச் சில மாதங்கள் மறைத்து வைக்கும், அவ்வளவுதான். பிறகு அதுவும் படுத்துவிடும். அளந்து பார்க்காமல் பெட்டரி வாங்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. அளப்பதற்கு மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. ஒரு சாதாரண டிஜிட்டல் மீற்றரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் போதும்.

கோளாறு மூன்று வகைதான். தோட்டத்துத் தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். தாங்கி வெடித்திருக்கலாம், வருகிற தண்ணீர் போதாமல் இருக்கலாம், எங்கேயோ ஒரு பைப் மூடாமல் இருக்கலாம். அதாவது பெட்டரியே பழுது, அல்லது சார்ஜ் போதவில்லை, அல்லது நிறுத்திய பிறகும் ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடிக்கிறது. இந்த வரிசையிலேயே தேட வேண்டும். முதல் இரண்டையும் பார்க்காமல் பியூஸ்களைக் கழற்ற ஆரம்பித்தால் ஒரு நாள் வீணாகும்.

மலையில் ஓடும் காருக்கு மட்டும் உள்ள சிக்கல்

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி படிகிற இடம். பூச்சியம் பாகையை நெருங்கும் குளிரில் ஈய அமில பெட்டரியால் தன் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கைத்தான் தர முடியும். அதே நேரம் என்ஜின் ஒயிலும் தடித்துப்போய், செல்ஃப் மோட்டர் கூடுதல் கரண்ட் கேட்கும். பாதி இறங்கிய பெட்டரி கம்பளையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகி, நானுஓயாவில் மௌனம் சாதிப்பது இதனால்தான். "கீழ இறங்குனா சரியாப் போகுது" என்று சொல்பவர்களின் பெட்டரி கீழேயும் பாதிதான் இருக்கிறது. சூடு அதைக் காட்டிக்கொடுப்பதில்லை, குளிர் காட்டிக்கொடுக்கிறது. உண்மையில் பெட்டரியின் ஆயுளைக் குறைப்பது குளிரைவிட வெப்பம்தான்.

இன்னொன்று குறுகிய ஓட்டம். தலவாக்கலையிலிருந்து லிந்துலைக்கு, ஹட்டனிலிருந்து டிக்கோயாவுக்கு என்று காலையில் ஒரு ஓட்டம், மாலையில் ஒரு ஓட்டம். ஸ்டார்ட் செய்வதற்கே நிறைய செலவாகிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் அப்படியில்லை: 150 அம்பியர் வீதம் 2 செக்கன் எடுத்தாலும் 0.1 அம்பியர்-மணிக்கும் (ஒரு அம்பியர் வீதம் ஒரு மணி நேரம் எடுத்தால் ஒரு அம்பியர்-மணி) குறைவு. பிரச்சினை பனிமூட்டத்தில் இருக்கிறது. பட்டப்பகலில் ஹெட்லைட், வைப்பர், கண்ணாடிப் புகையைப் போக்க புளோவர், பின்கண்ணாடி ஹீட்டர் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஹெட்லைட்டும் மற்ற விளக்குகளும் 10 அம்பியருக்கு மேல் எடுக்கும். பின்கண்ணாடி ஹீட்டர் இன்னொரு 10 எடுக்கும். சின்னக் காரின் ஒல்டர்னேட்டர் (என்ஜின் சுற்றும்போது பெட்டரியை சார்ஜ் செய்யும் கருவி), என்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது அதன் முழு அளவைத் தராது. எஞ்சுவது கொஞ்சம். குளிர்ந்த பெட்டரி அந்தக் கொஞ்சத்தையும் மெதுவாகவே வாங்கிக்கொள்ளும்.

பெட்ரோல் மிச்சம் என்று றம்பொடை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்கள் உண்டு. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் ஆபத்து ஒரு பக்கம் இருக்கட்டும். கியரில் இறங்கினால் என்ஜின் வேகமாகச் சுற்றி நன்றாக சார்ஜ் ஏறும். நியூட்ரலில் அது ஐட்லிங்கில்தான் ஓடும். மிச்சம் பிடித்த பெட்ரோலும் இல்லை, ஏனென்றால் இன்ஜெக்ஷன் வண்டிகள் கியரில் இறங்கும்போது எரிபொருளைத் தாமாகவே நிறுத்திவிடும்.

தேவையான சாமான்கள்

10 அம்பியர் வரை நேர்மின்னோட்டம் அளக்கக்கூடிய டிஜிட்டல் மல்டிமீற்றர், 10ஆம் நம்பர் ஸ்பானர், இரண்டு முனையிலும் கிளிப் உள்ள ஒரு துண்டு வயர், டோர்ச். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். மலையில் அப்படி இடம் கிடைக்காவிட்டால் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாமல் டயருக்குக் கல் வையுங்கள். பெட்டரிக்குப் பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம், சார்ஜ் ஆகும் பெட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். டெர்மினல் கழற்றும்போது எப்போதும் நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

முதல் படி: நெகட்டிவைக் கழற்றி வையுங்கள்

மீற்றர் இல்லாதவரும் இதைச் செய்யலாம். பெட்டரியை முழுமையாக சார்ஜ் செய்து, நெகட்டிவ் டெர்மினலை மட்டும் கழற்றி, வழக்கமாக எத்தனை நாளில் இறங்குமோ அத்தனை நாள் விடுங்கள். பிறகு மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால் பெட்டரி குற்றவாளி இல்லை, காரில் கசிவு இருக்கிறது அல்லது சார்ஜ் போதவில்லை. கழற்றி வைத்தும் இறங்கியிருந்தால் பெட்டரிதான்.

"முழுமையாக சார்ஜ்" என்றால் ஜம்ப் போட்டு ஹட்டன் வரை போய்வருவது அல்ல. பாதி இறங்கிய பெட்டரியின் கடைசிப் பங்கு நிரம்பப் பல மணி நேரம் பிடிக்கும். 45 அம்பியர்-மணி பெட்டரியை வெளிச் சார்ஜரில் 4 அல்லது 5 அம்பியரில் ஒரு ராத்திரி முழுக்க வைக்க வேண்டும். டெர்மினலைக் கழற்றினால் மணிக்கூடு, ரேடியோ, சில வண்டிகளில் ஜன்னல் கண்ணாடியின் ஒட்டோ அமைப்பு ஆகியவை அழியும். ரேடியோவுக்கு இரகசிய எண் இருந்தால் முதலில் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பெட்டரியைப் பரிசோதித்தல்

குறைந்தது மூன்று நான்கு மணி நேரம் ஓடாமல் இருந்த காரில், ஹெட்லைட்டை ஒரு நிமிடம் போட்டு அணைத்துவிட்டு, சற்றுப் பொறுத்து வோல்ட் அளக்கவும். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12.0 ஏறக்குறைய கால்வாசி. 11.9க்குக் கீழே என்றால் காலி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நிலையில் நாட்கணக்கில் கிடக்கும் பெட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும், மறுபடி பழைய நிலைக்கு வராது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் கோட்டோடு பெட்ரோலுக்குக் காத்திருந்த மாதங்களில் எத்தனையோ கார்கள் கொட்டிலிலேயே கிடந்தன. பெட்டரிகளுக்கு அது கெட்ட காலம்.

வோல்ட் நன்றாக இருந்தாலும் சுமை தாங்குமா என்று பார்க்க வேண்டும். மீற்றரை பெட்டரியில் வைத்துக்கொண்டு இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். முழுச் சார்ஜில் உள்ள பெட்டரி அப்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. போனால் பெட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் மோட்டர் அளவுக்கு மீறி இழுக்கிறது.

மூடி திறக்கும் வகை பெட்டரியாக இருந்தால் பெட்டரிக் கடையில் ஹைட்ரோமீற்றர் (ஒவ்வொரு அறையிலும் உள்ள அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் கருவி) போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நிரம்பிய அறையில் 1.26 முதல் 1.28 வரை காட்டும். ஐந்து அறைகள் 1.26இல் நிற்க, ஒன்று மட்டும் 1.18இல் இருந்தால் அந்த அறை செத்துவிட்டது. அதற்கு மருந்தில்லை.

பெட்டரியின் மேல்புறத்தையும் பாருங்கள். மழைக்காலத்து ஈரமும் தூசியும் அமிலப் படிவும் சேர்ந்து, இரண்டு டெர்மினலுக்கும் நடுவில் மெல்லிய பாதை போட்டுவிடும். மீற்றரின் ஒரு முனையை நெகட்டிவிலும் மறுமுனையைப் பிளாஸ்டிக் மூடியின் மேலும் வைத்து அளந்தால், சுத்தமான பெட்டரியில் ஒன்றும் காட்டாது. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால் அந்த அழுக்கே கரண்டைக் கடத்துகிறது. அப்பச்சோடா கலந்த தண்ணீரால் துடைத்துக் கழுவி, உலர விடுங்கள். சோடாத் தண்ணீர் அறைகளுக்குள் போகக்கூடாது. டெர்மினலில் பூத்திருக்கும் பச்சை, வெள்ளைப் பொடியையும் சுரண்டிவிட்டு கிரீஸ் பூசுங்கள்.

மூன்றாம் படி: சார்ஜ் ஏறுகிறதா?

என்ஜினை ஸ்டார்ட் செய்து, லேசாக ரேஸ் கொடுத்து, பெட்டரியில் அளக்கவும். 13.8க்கும் 14.5க்கும் இடையில் நின்றால் நல்லது. இனி ஹெட்லைட், புளோவர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடுங்கள். அப்போதும் 13.5க்கு மேலே இருக்க வேண்டும். பின்னாளில் வந்த ஜப்பான் கார்கள் சில, எரிபொருள் மிச்சத்துக்காக சார்ஜை வேண்டுமென்றே ஏற்றி இறக்கும். 12.8 காட்டியவுடன் ஒல்டர்னேட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள், லைட் போட்டபின் ஏறுகிறதா என்று பாருங்கள்.

சார்ஜ் குறைவாக இருந்தால் ஒல்டர்னேட்டரைக் கழற்றுவதற்கு முன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும், பெட்டரி நெகட்டிவிலிருந்து என்ஜினுக்கும் காரின் பொடிக்கும் (உடல் தகட்டுக்கும்) போகும் ஏர்த் வயர்கள் துருப்பிடித்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். என்ஜின் ஓடும்போது, லைட் எல்லாம் எரியும் நிலையில், பெட்டரி நெகட்டிவுக்கும் என்ஜினின் வெற்று இரும்புக்கும் இடையில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த ஏர்த் சரியில்லை.

இன்னொரு சிறு சோதனை: மீற்றரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, என்ஜின் ஓடும்போது பெட்டரியில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் ஒல்டர்னேட்டருக்குள் டயோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) ஒன்று போயிருக்கலாம். அப்படிப் போன டயோடு ராத்திரியெல்லாம் பெட்டரியிலிருந்து கரண்டைத் திருப்பி இழுக்கும். விடியற்காலையில், காரை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பொனட்டைத் திறந்து ஒல்டர்னேட்டரில் கை வைத்துப் பாருங்கள். பண்டாரவளைக் குளிரில் எல்லா இரும்பும் சில்லென்றிருக்க அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

நான்காம் படி: கசிவை அளத்தல்

முந்தைய படிகளில் குறை எதுவும் அகப்படாவிட்டால் இதுதான் முக்கியமான வேலை. அவசரப்படாமல் செய்ய வேண்டும்.

நிறுத்திய காரும் கொஞ்சம் மின்சாரம் எடுக்கத்தான் செய்யும். மணிக்கூடு, அலாரம், கணினியின் நினைவகம், ரிமோட் வாங்கி எல்லாம் சேர்ந்து 0.05 அம்பியருக்குள் இருந்தால் சாதாரணம். பழைய மாருதி மாதிரி எளிமையான வண்டியில் 0.02கூட வராது. 45 அம்பியர்-மணி பெட்டரிக்கு 0.05 அம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 அம்பியர்-மணி. பாதி இறங்க இரண்டரை வாரத்துக்கு மேலாகும். 0.4 அம்பியர் என்றால், அதாவது ஒரு 5 வாட் டிக்கி பல்ப் எரிந்துகொண்டிருந்தால், இரண்டு மூன்று ராத்திரியில் பாதி போய்விடும்.

முதலில் ஆயத்தம். சாவியை எடுத்துவிடுங்கள். ஸ்மார்ட் கீ என்றால் வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள், பக்கத்தில் இருந்தால் கார் தூங்காது. பொனட்டைத் திறந்து விடுங்கள். உள்ளே இருக்கும் பியூஸ் பொக்ஸை அடைய ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். அந்தக் கதவின் லொக்கை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி, மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். கதவின் தூணில் பொத்தான் போல சுவிட்ச் உள்ள பழைய வண்டியில் அதை டேப் ஒட்டி அமுக்கி வையுங்கள். அப்போதுதான் காருக்குக் கதவு மூடியதாகத் தெரியும். (பிறகு கதவை அடிப்பதற்கு முன் லொக்கை விடுவிக்க மறக்க வேண்டாம்.)

மீற்றரின் சிவப்பு வயரை 10 அம்பியர் துவாரத்தில் செருகுங்கள். கிளிப் வயரின் ஒரு முனையை பெட்டரி நெகட்டிவ் தூணிலும், மறுமுனையைக் கழற்றப்போகும் நெகட்டிவ் கேபிளிலும் கவ்வ வைத்துவிட்டு, கேபிளைக் கழற்றுங்கள். இப்படிச் செய்தால் காருக்கு மின்சாரம் ஒரு கணமும் அறாது. இது ஏன் என்றால், ஒட்டிக்கொண்ட ரிலே (மின்சாரத்தில் இயங்கும் சுவிட்ச்), தூங்க மறுக்கும் கணினி போன்ற கோளாறுகள் மின்சாரம் அறுந்தவுடன் தாமாகவே சரியாகிவிடும். நீங்கள் அளக்கும்போது எல்லாம் நல்ல பிள்ளையாக இருக்கும், மூன்றாம் நாள் மறுபடி படுக்கும். கராஜ்களில் "ஒரு லீக்கும் இல்லையே" என்ற பதில் வருவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இனி மீற்றரின் சிவப்பை கேபிளிலும் கறுப்பை பெட்டரித் தூணிலும் பிடித்து, கிளிப் வயரை எடுத்துவிடுங்கள். மீற்றர் இப்படி இருக்கும்போது சாவியை ஒன் செய்யவே கூடாது, செல்ஃப் அடிப்பதை நினைக்கவே கூடாது. அடித்தால் மீற்றரின் பியூஸ் போகும். மலிவான மீற்றர்களில் 10 அம்பியர் துவாரத்துக்குப் பியூஸே இருக்காது, மீற்றரே போகும்.

ஆரம்பத்தில் சில அம்பியர்கூடக் காட்டலாம். பயப்படாதீர்கள். கணினிகள் ஒவ்வொன்றாகத் தூங்க 20 முதல் 40 நிமிடங்கள், சில வண்டிகளில் ஒரு மணி நேரமும் ஆகலாம். மலிவான மீற்றர்களின் 10 அம்பியர் துவாரத்தின் பக்கத்தில், இத்தனை செக்கன்தான் வைக்கலாம் என்று எழுதியிருப்பார்கள். ஆகவே காத்திருக்கும் நேரத்தில் கிளிப் வயரை மாட்டியே வைத்து, இடைக்கிடை மட்டும் எடுத்து அளவைப் பாருங்கள். ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் 0.2, 0.4 என்று நின்றால் கசிவு உறுதி.

அளந்து முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ட் துவாரத்துக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அப்படியே பெட்டரியின் இரு முனையிலும் வைத்தால் அது நேரடி ஷோர்ட்.

ஐந்தாம் படி: எந்த வழியில் போகிறது?

வழக்கமான முறை, பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மீற்றர் எப்போது இறங்குகிறது என்று பார்ப்பது. எளிமையான பழைய வண்டிக்கு அது போதும். ஆனால் கணினிகள் நிறைந்த காரில் ஒரு பியூஸைப் பிடுங்கி மறுபடி செருகினால் தூங்கியவை எல்லாம் விழித்துக்கொள்ளும், மறுபடி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

அதைவிட நல்ல வழி, பியூஸைக் கழற்றாமலே அதன் தலையில் தெரியும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லிவோல்ட் அளப்பது. இதற்கு நெகட்டிவ் கேபிளை மறுபடி மாட்டிக்கொள்ளலாம். மாட்டும்வரை கிளிப் வயர் இருக்கட்டும். கரண்ட் ஓடாத பியூஸ் 0.0 காட்டும். ஓடுகிற பியூஸ் ஏதோ ஒரு அளவு காட்டும். சிறிய வகை 10 அம்பியர் பியூஸில் 0.7 அல்லது 0.8 மில்லிவோல்ட் என்றால் ஏறக்குறைய 0.1 அம்பியர் போகிறது. 20 அம்பியர் பியூஸில் அதே 0.1 அம்பியருக்கு 0.3 அளவுதான் காட்டும். ஆகவே மீற்றர் 0.1 மில்லிவோல்ட் வரை காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். டேஷ்போர்ட்டுக்குக் கீழே உள்ள பொக்ஸ், பொனட்டுக்குள் இருக்கும் பொக்ஸ் இரண்டையும் பாருங்கள். எண் காட்டும் பியூஸ் அகப்பட்டதும் மூடியில் இருக்கும் படத்தைப் பார்த்தால் அது எதற்கெல்லாம் போகிறது என்று தெரியும். மூடியில் ஜப்பான் எழுத்துதான் இருக்கிறது என்றால் போன் கெமராவில் மொழிபெயர்த்துப் பார்க்கலாம்.

எல்லா பியூஸும் சுத்தம், ஆனால் கசிவு இருக்கிறது என்றால்? பியூஸ் பொக்ஸைத் தொடாமல் போகும் வயர்தான் பாக்கி. ஒல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டர், அதைவிட முக்கியமாக யாரோ பிறகு இழுத்த வயர்.

வழக்கமாக மாட்டிக்கொள்ளும் குற்றவாளிகள்

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் இருக்கிற கார்களையே எல்லோரும் அலங்கரித்தோம். பிளேயர், கெமரா, எல்ஈடி, அலாரம். ஆகவே என் சந்தேகம் எப்போதும் கம்பனி போட்ட வயரில் அல்ல, கடையில் போட்டதில்தான் முதலில் விழும். பெட்டரி பொசிட்டிவில் பெரிய கேபிளைத் தவிர இன்னும் எத்தனை மெல்லிய வயர்கள் தொங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஆண்ட்ராய்ட் பிளேயர் முதல் ஆள். அதன் மஞ்சள் வயர் எப்போதும் மின்சாரம் இருக்கும் இடத்திலும், சிவப்பு வயர் சாவி திருப்பினால் மட்டும் வரும் இடத்திலும் மாட்டப்பட வேண்டும். அவசரத்தில் இரண்டையும் முறுக்கி ஒன்றாக்கி டேப் சுற்றிவிடுவார்கள். திரை அணைந்திருந்தாலும் பெட்டி உள்ளே விழித்தே இருக்கும். டேஷ் கெமராவின் பார்க்கிங் மோட் (நிறுத்திய பிறகும் பதிவு செய்வது) இன்னொன்று. லீசிங் வண்டியில் பொருத்திய ஜிபிஎஸ் கருவி, சிக்னல் கிடைக்காத பள்ளத்தில் தேடிக்கொண்டே இருந்து கூடுதலாக எடுக்கும். அதை நீங்களாகக் கழற்றினால் லீசிங்காரரோடு பிரச்சினை வரும், அவர்களிடமே சொல்லுங்கள்.

பிரேக் பெடலுக்கு மேலே உள்ள சுவிட்சை அழுத்தும் சின்ன ரப்பர் துண்டு, பழைய ஜப்பான் கார்களில் பொடிந்து விழும். பிறகு பிரேக் லைட் அணையாது. ராத்திரி பின்னால் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். காருக்குக் கீழே பொடிப்பொடியாகப் பிளாஸ்டிக் கிடந்தால் அதுதான். டிக்கி விளக்கும் டேஷ்போர்ட் பெட்டி விளக்கும் அணைகிறதா என்று பார்க்க போனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள்.

மழைக்காலம் தன் பங்குக்கு வேலை காட்டும். கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வடியும் துளையை இலைகள் அடைத்தால், தண்ணீர் பியூஸ் பொக்ஸ் பக்கமாக உள்ளே இறங்கும். பச்சை பிடித்த சொக்கட்டுகள் அதன் அடையாளம். தேயிலை மலையோரமாக நிறுத்தும் வண்டிகளில் எலி வயரைக் கடித்து, தோல் உரிந்து பொடியில் படுவதும் நடக்கிற காரியம்தான்.

ஹைப்ரிட் வைத்திருப்பவர்களுக்கு

அக்குவா, பிரியஸ் போன்றவற்றில் பெரிய பெட்டரி நிறைந்திருந்தாலும், பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும் சின்ன 12 வோல்ட் பெட்டரி இறங்கினால் கார் "ரெடி" ஆகாது. அது சார்ஜ் ஆவதும் ரெடியில் இருக்கும்போதுதான். வெறுமனே ஒன் செய்து பாட்டுக் கேட்டால் இறங்கத்தான் செய்யும். மாதக்கணக்கில் ஊரில் இல்லையென்றால் நெகட்டிவைக் கழற்றி வைப்பது நல்லது. ஆனால் டிக்கி மின்சாரத்தில்தான் திறக்கும் என்பதை நினைத்து, முன்பக்கம் உள்ள ஜம்ப் முனை எங்கே என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரேஞ்ச் நிற வயர் எதையும் தொடக்கூடாது.

இன்று காலை மட்டும் எப்படியாவது ஓட வேண்டுமென்றால்

ஜம்ப் வயர் வரிசை: செத்த பெட்டரியின் பொசிட்டிவ், நல்ல பெட்டரியின் பொசிட்டிவ், நல்ல பெட்டரியின் நெகட்டிவ், கடைசியாகச் செத்த காரின் என்ஜின் இரும்பு. தோட்டத்தில் பக்கத்தில் நிற்பது கொழுந்து லொறியாகத்தான் இருக்கும். லொறிகளிலும் பஸ்களிலும் பல 24 வோல்ட். இரண்டு பெட்டரி வரிசையாக இருந்தால் "அண்ணே, நன்றி" என்று சொல்லிவிட்டு வேறு கார் தேடுங்கள். 24 வோல்ட் உங்கள் காரின் கணினிகளைச் சுட்டுவிடும். இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்வது மெனுவல் கியருக்கு மட்டும்தான். என்ஜின் ஓடாதபோது பிரேக் கல்லாகும், பவர் ஸ்டீயரிங்கும் இறுகும். வளைவுள்ள பாதையில் அதை முயற்சிக்காதீர்கள்.

திருத்திய பிறகு

கசிவை அடைத்ததும் மறுபடி அளந்து 0.05க்குள் வந்ததா என்று பாருங்கள். வேலையை வயரிங் பாஸ் செய்தாலும் சரி, அளவைக் காட்டச் சொல்லுங்கள். போகும்போதே "பாஸ், பெட்டரி நிறுத்தும்போது 12.6, மூணு நாள் கழிச்சு 12.1, சார்ஜ் 14.2, லீக் 0.35" என்று சொன்னால் அவரும் நேராக விஷயத்துக்கு வருவார். பெட்டரியை ஒரு ராத்திரி சார்ஜரில் போட்டு, பிறகு இரண்டு மூன்று காலை வோல்ட் பாருங்கள். 12.5க்கு மேலே நின்றால் முடிந்தது.

கசிவு இல்லை, சார்ஜ் சரி, ஆனாலும் இறங்குகிறது என்றால், பலமுறை காலியாகி பெட்டரியும் கெட்டுவிட்டது. இப்போது புதிது வாங்கலாம். பழையதன் மேல் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 46பி24எல் என்றால் 46 அதன் வலு, பி பக்கவாட்டு அளவு, 24 நீளம் சென்ரிமீற்றரில், எல் என்பது பொசிட்டிவ் எந்தப் பக்கம் என்பது. எல்லுக்குப் பதில் ஆர் வாங்கினால் கேபிள் எட்டாது. சிக்னலில் தானாக அணைந்து எழும் வண்டிக்கு அதற்கென்றே செய்த பெட்டரிதான் போட வேண்டும், சாதாரணமானது சீக்கிரம் போய்விடும். கடையில் தயாரித்த திகதியைப் பாருங்கள், வோல்ட் அளந்து காட்டச் சொல்லுங்கள், 12.4க்குக் கீழே என்றால் வேறு ஒன்று கேளுங்கள். பழையதைக் கையோடு கொண்டுபோனால் ஈயத்துக்காக விலையில் ஒரு தொகை கழிப்பார்கள்.